உழையர்: பள்ளியறையில் விழித்திருந்தவர்கள்

முல்லைப்பாட்டை நாம் வாசித்துப் பழகியிருக்கும் விதத்தில் அதற்குள் இரண்டே பேர்தான். வீட்டில் காத்துக்கொண்டிருக்கும் தலைவி, பாசறையில் தூக்கம் பிடிக்காத அரசன். 103 அடிகள் மட்டுமே கொண்ட, பத்துப்பாட்டில் ஆகச் சிறிய பாட்டு இது. ஆனால் இந்த இருவருக்கும் நடுவில் நப்பூதனார் ஒரு பெருங்கூட்டத்தையே நிறுத்தி வைத்திருக்கிறார். காட்டை அழித்து அமைத்த பாசறை. அதற்குள் அரசனுக்கென்று தனியாக வளைத்துக் கட்டிய இடம். அங்கே கச்சில் வாளைக் கட்டிய பெண்கள் நீண்ட திரியோடும் நெய் வார்க்கும் குழலோடும் நிற்கிறார்கள். விளக்கு மங்கும்போதெல்லாம் மறுபடி ஏற்ற வேண்டும். மணியோசை அடங்கிய நடுச்சாமத்தில் மெய்க்காவல் கிழவர்கள் போர்த்திக்கொண்டு, தூக்கத்தில் ஆடிய மாதிரி நடந்து சுற்றி வருகிறார்கள். நாழிகை வட்டிலில் நீர் ஏறுவதைப் பார்த்து இத்தனை நாழிகை ஆயிற்று என்று அறிவிக்கச் சிலர். சட்டை போட்ட, பார்க்கவே பயம் தரும் யவனர்கள் அமைத்த வீடு. அதற்குள் கயிற்றில் திரை கட்டி இரண்டாகப் பிரித்த பள்ளியறை. அந்தத் திரைக்குப் பக்கத்தில், கடைசியாக, மிலேச்சர்கள். இவர்களுக்குப் பேச்சு இல்லை. சொல்ல வேண்டியதை உடம்பால் சொல்கிறார்கள்.

இவர்களுக்குக் கவிஞர் தரும் பெயர் ‘உழையர்’. உழை என்றால் பக்கம். பக்கத்தில் இருப்பவர் உழையர், அவ்வளவுதான். இவர்கள் செய்யும் வேலைக்குப் பெயர் இல்லை, நிற்கும் இடத்துக்குத்தான் பெயர். பிற்காலத்துச் சோழர் கல்வெட்டில் வரும் ‘அணுக்கி’ என்ற சொல்லும் இப்படித்தான், அணுகி இருப்பவள். அர்த்தசாஸ்திரம் இதே ஆட்களைச் சொல்லும் ‘ஆசன்ன’ என்ற வடசொல்லுக்கும் பக்கத்தில் இருப்பவன் என்றுதான் பொருள். அரசனின் உடம்பிலிருந்து எத்தனை தூரம் என்பதை வைத்தே இந்த ஆட்களுக்குப் பெயர் வைக்கப்பட்டிருக்கிறது. வேறு எந்த ஊழியத்துக்கும் இப்படிப் பெயர் அமைந்ததாக எனக்குத் தெரியவில்லை. குயவனுக்கு மண் இருக்கிறது, கொல்லனுக்கு இரும்பு இருக்கிறது. உழையனிடம் இருப்பது இன்னொருத்தருடைய உடம்பின் அருகாமை மட்டும்.

எம்.ஏ. வகுப்பில் எங்களுக்கு இந்தப் பாட்டை நடத்தியவர் இந்த இடத்துக்கு வந்ததும் குரலை உயர்த்துவார். பார்த்தீர்களா, யவனனும் மிலேச்சனும் தமிழ் வேந்தனுக்குக் கைகட்டி நின்றிருக்கிறான் என்பார். தேர்விலும் அதுதான் கேள்வி: ‘பண்டைத் தமிழரின் அயல்நாட்டுத் தொடர்பு’. ஊமை ஒருவன் நம் வகுப்பறையில் வணிகப் பெருமைக்குச் சான்றாகிவிட்டான். சரி, அது கிடக்கட்டும். அப்போது யாரும் கேட்காத கேள்வி ஒன்று உண்டு. அரசனின் படுக்கைக்கு ஆகப் பக்கத்தில் ஏன் அயலான்? அதிலும் ஏன் பேசாதவன்?

அர்த்தசாஸ்திரத்தின் முதல் அதிகரணத்தில் அரசனின் தற்காப்பு பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. படுக்கையிலிருந்து எழும் அரசனை முதலில் வில்லேந்திய பெண்கள் சூழ்ந்துகொள்ள வேண்டும். அடுத்த அறையில் கஞ்சுகம் அணிந்தவர்கள், தலைப்பாகைக்காரர்கள், அலிகள். அதற்கடுத்த அறையில் கூனர், குறளர், கிராதர். நாலாவதில்தான் அமைச்சர்களும் உறவினர்களும். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்: அமைச்சனைவிடக் கூனன் ஓர் அறை உள்ளே நிற்கிறான். இதற்கு முந்திய அத்தியாயமோ ராணியின் அறையில் ஒளிந்திருந்து அரசனைக் கொன்ற கதைகளை அடுக்குகிறது. தூக்கம் என்பது அதிகாரம் ஆயுதத்தைக் கீழே வைக்கிற நேரம். அந்த நேரத்தில் விழித்திருப்பவன் கையில்தான் அரசனின் கழுத்து இருக்கிறது. கௌடில்யருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான், தலைமுறை தலைமுறையாக ஊழியம் செய்து வந்தவனையே பக்கத்தில் வை, பொருளும் மதிப்பும் பெறாத வேற்றுநாட்டானை வைக்காதே என்கிறார்.

முல்லைப்பாட்டின் அரசனோ வேற்றுநாட்டானைத்தான் வைத்திருக்கிறான். இரண்டும் முரண் போலத் தெரிகிறது, ஆனால் கணக்கு ஒன்றுதான். பரம்பரை ஊழியனுக்கு இங்கே குடும்பம் இருக்கிறது, அவன் தப்புப் பண்ணினால் பிடிப்பதற்குப் பெண்டு பிள்ளை இருக்கிறது. மிலேச்சனுக்கு இங்கே யாருமே இல்லை. ஓடிப்போக ஊர் இல்லை, சதி பேச மொழி இல்லை. ஒருவன் எல்லாக் கட்டுக்களாலும் இறுக்கப்பட்டவன், இன்னொருவன் எல்லாக் கட்டும் அறுக்கப்பட்டவன். இரண்டு பேரும் ஆபத்தில்லாதவர்கள். உரைமரபு மிலேச்சரை ஊமை என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பிறவி ஊமையா, தமிழ் தெரியாததால் ஊமையா, பேசக்கூடாது என்பதால் ஊமையா என்று பிரதி சொல்வதில்லை. மூன்றில் எதுவானாலும் திரைக்கு உள்ளே கேட்டது வெளியே போகாது. மௌனத்தை எதிர்ப்பாக வாசிப்பதற்கு நாம் பழகிவிட்டோம். நம் பத்திரிகைகளில் கொஞ்ச காலமாக அது ஒரு வாய்ப்பாடாகவே ஆகிவிட்டது. இந்த மிலேச்சனிடம் போய் அந்த வாய்ப்பாட்டை ஒப்பிக்க எனக்கு வாய் வரவில்லை. அவனுடைய மௌனம் வேலைக்குச் சேர்த்துக்கொண்டதற்கான நிபந்தனை.

ஆர்லாண்டோ பாட்டர்சன் 1982இல் வெளியிட்ட அடிமைமுறை ஆய்வில் ‘சமூகச் சாவு’ என்று ஒன்றைச் சொல்கிறார். சவுக்கடியையும் விலைக்கு விற்பதையும்விட அடிமையை அடிமையாக்குவது பிறப்புறவு அறுக்கப்படுவதுதான் என்பது அவர் வாதம். தாய் தகப்பன் வழியாகவோ பிள்ளைகள் வழியாகவோ எந்த உரிமையும் கோர முடியாதவன். பைசாந்தியத்திலும் சீனத்திலும் அரண்மனை அலிகள் பேரரசனுக்கு எவ்வளவு நெருக்கமாக இருந்தார்கள், எவ்வளவு செல்வாக்கோடு இருந்தார்கள் என்பதை விரிவாகப் பேசிவிட்டு, அவர்களைத்தான் அடிமைகளில் கடைக்கோடி என்கிறார். நெருக்கமும் செல்வாக்கும் அடிமைத்தனத்துக்கு மறுப்பு ஆகிவிடாது என்று அவர் சொல்வதை நம் அரண்மனைகளுக்கும் பொருத்திப் பார்க்கலாம்.

அந்த இரவுக்கே மறுபடி வருவோம். அரசன் தூங்காமல் என்ன நினைக்கிறான்? ஒரு கை படுக்கைமேல், இன்னொரு கை தலையில். புண்பட்டுப் பிடியை மறந்த யானைகளை, துதிக்கை வெட்டுண்டு துடித்த யானைகளை நினைக்கிறான். உண்ட சோற்றுக்குக் கடன் தீர்த்துச் செத்த வீரர்களை நினைக்கிறான். அம்பு தைத்துத் தீனி தின்னாமல் நிற்கும் குதிரைகளை நினைக்கிறான். நல்ல மனிதன்தான். யானை வருகிறது, குதிரை வருகிறது, செத்தவர்கள் வருகிறார்கள், கை நீட்டினால் தொடும் தூரத்தில் நிற்கும் மிலேச்சன் மட்டும் அந்த மனதுக்குள் வரவில்லை. வாளோடு விளக்கேற்றும் பெண்ணும் வரவில்லை. கவிஞர் அவளைப் பார்த்திருக்கிறார், அரசன் பார்க்கவில்லை. இந்த வித்தியாசத்தை நப்பூதனார் தெரிந்தே வைத்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டில் அது இருக்கிறது.

இலக்கணம் இதைவிடக் கறார். தொல்காப்பிய அகத்திணையியலில் அடியோருக்கும் வினைவலருக்கும் காதலில் இடம் எங்கே என்று ஒரு நூற்பா பேசுகிறது. அன்பின் ஐந்திணைக்குள் அவர்களுக்கு இடம் கிடையாது. அதற்குப் புறத்தே, கைக்கிளை பெருந்திணைப் பக்கம் வைத்துக்கொள்ளத் தடையில்லை என்கிறது. உரைகாரர்களின் விளக்கமும் இதைச் சுற்றியே வரும்: ஏவல் செய்பவனுக்கு நேரம் அவனுடையது இல்லை, அதனால் அறம் பொருள் இன்பம் வழுவாமல் ஒழுக அவனால் ஆகாது. அகம் என்ற சொல்லுக்கு வீடு, உள், மனம் என்றெல்லாம் பொருள் விரித்து நாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறோம். அரசனும் அரசியும் படுக்கிற அறைக்குள் வருஷம் முழுக்க நிற்கிறவளுக்கு இலக்கணப்படி அகம் கிடையாது! அகத்தின் நடுவே நிற்கும் புறத்தார் இவர்கள். முல்லைத் திணையின் உரிப்பொருள் இருத்தல் என்பார்கள். இரவெல்லாம் இருந்தவள் விளக்குப் பெண்தான், ஆனால் அந்த இருத்தல் திணைக் கணக்கில் சேராது.

சிலப்பதிகாரத்துக்கு வரும்போது கூட்டம் பெரிதாகியிருக்கிறது. வழக்குரை காதையில், கெட்ட கனவு கண்ட கோப்பெருந்தேவி அதைச் சொல்ல அரசனிடம் போகிறாள். கூடவே ஊழியக்காரிகள். கண்ணாடி, நகை, புத்தாடை, பட்டு, வெற்றிலைச் செப்பு, வண்ணம், சுண்ணம், கஸ்தூரிச் சாந்து, மாலை, கவரி, தூபம் என்று ஒவ்வொருத்தி கையிலும் ஒரு பொருள். இளங்கோ ஒவ்வொரு பொருளுக்குப் பிறகும் ‘ஏந்தினர்’ என்ற ஒரே வினையைத் திரும்பத் திரும்ப வைத்துக்கொண்டு போகிறார். சந்தம் அழகாக இருக்கும், ஒப்பித்தும் இருப்போம். அந்த வரிசையில் பெயர்கள் எல்லாம் பொருள்களுக்குத்தான், ஆட்களுக்கு மிஞ்சுவது வினைமுற்று. அவர்களைச் சூழ்ந்து கூனும் குறளும் ஊமுமான ‘குறுந்தொழில்’ இளைஞர்கள் வருகிறார்கள். கௌடில்யரின் மூன்றாம் அறை ஆட்களும் முல்லைப்பாட்டின் ஊமையும் இங்கே ஒரே ஊர்வலத்தில் சேர்ந்துகொள்கிறார்கள்.

அந்தப்புர ஊழியக்காரிகளில் வாய் திறந்து பேசியவள் ஒருத்தி உண்டு என்றால் அது மந்தரை. கேகயத்திலிருந்து கைகேயியோடு வந்தவள். கம்பனில், தூங்குகிற கைகேயியின் காலைத் தொட்டு எழுப்பும் உரிமை உள்ளவள். அரசியல் நிலவரத்தை அந்த அரண்மனையில் எல்லோருக்கும் முன்னால் கணக்குப் போட்டவளும் அவள்தான். அவள் பேசினாள், அதனால் ஒரு காவியத்துக்கு வேண்டிய பழி முழுவதும் அந்தக் கூனல் முதுகில் ஏற்றப்பட்டது. ஊமையை ஏன் பக்கத்தில் வைத்தார்கள் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா?

நெடுநல்வாடையை விரித்துப் பேச இங்கே இடமில்லை. போரில் விழுந்த யானையின் கொம்பைச் செதுக்கிச் செய்த கட்டிலைப் பற்றித் தமிழாசிரியர்கள் போதுமான அளவு பேசியிருக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது ஒரே ஒரு பொருளைத்தான்: அரசனைத் தவிர வேறு ஆண் நுழையாத அந்த அந்தப்புரத்தில் யவனர் செய்த பாவை ஒன்று அகல் விளக்கை ஏந்தி நிற்கிறது. பாசறையில் உயிருள்ள பெண் செய்த வேலையை இங்கே உலோகப் பெண் செய்கிறாள். அவளுக்குத் தூக்கம் வராது, காது கேட்காது. பள்ளியறை ஊழியத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டாள்.

இலக்கியத்தில் இப்படிக் கூட்டமாக நின்றவர்களுக்குச் சோழர் காலத்தில் முகவரி கிடைக்கிறது. அந்த முகவரியின் பெயர் வேளம்.

முதலாம் ராஜராஜன் (985–1014) காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில் தெருப்பெயர்களோடு வேளங்களின் பெயர்களும் வருகின்றன. உய்யக்கொண்டான் தெரிந்த திருமஞ்சனத்தார் வேளம், ராஜராஜத் தெரிந்த பாண்டித் திருமஞ்சனத்தார் வேளம், அருமொழிதேவத் தெரிந்த திருப்பரிகலத்தார் வேளம், பஞ்சவன்மாதேவி வேளம் என்று நீளும். திருமஞ்சனம் குளியல், திருப்பரிகலம் அரசன் உண்ணும் கலம். ‘தெரிந்த’ என்றால் பொறுக்கி எடுத்த என்று பொருள். தெரிந்த கைக்கோளர் என்று படைப்பிரிவுகளுக்கும் அதே அடைமொழி உண்டு. குளிப்பாட்டுகிறவர்களும் சண்டை போடுகிறவர்களும் ஒரே விதத்தில் பொறுக்கப்பட்டார்கள், அரசனின் பட்டப்பெயரே இரண்டு பேருக்கும் சூட்டப்பட்டது.

இந்த ஊழியங்கள் எப்படி நடந்திருக்கும் என்று தெரிய வேண்டுமானால் கோயிலுக்குத்தான் போக வேண்டும். கோயில் என்ற சொல்லே அரண்மனைக்கும் உரியது. பள்ளியெழுச்சி, திருமஞ்சனம், அமுது, கண்ணாடி, கவரி, கடைசியில் பள்ளியறை. மதுரையில் இன்றும் ராத்திரி சொக்கநாதரின் பாதுகை பல்லக்கில் மீனாட்சியின் பள்ளியறைக்குப் போகிறது. அரசனுக்குச் செய்ததைக் கடவுளுக்குச் செய்தார்களா, கடவுளுக்குச் செய்ததை அரசன் கேட்டு வாங்கிக்கொண்டானா என்ற விவாதம் நமக்கு வேண்டாம். அரண்மனை மண்மேடாகிவிட்டது, அதன் நாள்முறை மட்டும் கருவறையில் தங்கிவிட்டது.

வேளத்துப் பெண்கள் யார்? நீலகண்ட சாஸ்திரி அரண்மனைப் பணியாளர் அமைப்புகள் என்ற அளவில் சொல்லிச் செல்கிறார். சோழப் பெருமிதக்காரர்களுக்கு அந்த வரியே போதும், அங்கேயே நின்றுவிடுவார்கள். ஆனால் சோழர்களே இதை மறைக்கவில்லை. 1070இல் பட்டமேறிய முதலாம் குலோத்துங்கனைப் பாடிய கலிங்கத்துப்பரணியின் கடைதிறப்பில், தோற்ற நாட்டிலிருந்து வேளம் புகுந்த பெண்கள் கதவைத் திறக்கச் சொல்லி அழைக்கப்படுகிறார்கள். அது சிருங்காரச் சுவைக்கு எடுத்துக்காட்டாக நமக்குப் பாடமாக வந்தது. 1178இல் ஆட்சிக்கு வந்த மூன்றாம் குலோத்துங்கனின் மெய்க்கீர்த்தியோ பாண்டியன் தேவியை வேளம் ஏற்றியதை வெற்றிகளின் வரிசையில் வைத்துக் கல்லில் வெட்டச் சொல்கிறது. மேலே சொன்ன வேளப் பெயர் ஒன்றில் இருக்கும் ‘பாண்டி’ என்ற சொல்லைத் திரும்பப் போய்ப் பாருங்கள். டவுத் அலி 2006இல் எழுதிய கட்டுரை போரையும் அரண்மனை ஊழியத்தையும் அடிமைத்தனத்தையும் ஒரே கயிற்றில் கட்டிக் காட்டியது. அதற்குப் பிறகும் வேளத்தை வெறும் குடியிருப்பு என்று சொல்ல முடியாது. அதற்காக விபசார விடுதி என்று சிலர் ஒரே போடாகப் போடுவதும் சோம்பேறித்தனம். குளிப்பாட்டுவதும் கலம் ஏந்துவதும் நாள்முழுக்க உடம்பு நோகச் செய்யும் வேலை. அந்த வேலையைப் பேச்சிலிருந்து துடைத்துவிட்டு அவள் உடம்பை மட்டும் மிச்சம் வைக்கிறவர், பரணிக்காரரின் பார்வையிலிருந்து எத்தனை அடி விலகியிருக்கிறார்?

இதே தஞ்சையில், பெரிய கோயிலின் சுவரில், ஊரெங்கும் உள்ள தளிகளிலிருந்து கொண்டுவந்து குடியேற்றிய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் பெயர் இருக்கிறது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவள் என்று ஒவ்வொருத்தியாக. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு வருஷம் 100 கலம் நெல். ஆடல் மகளிருக்குப் பிறந்த தளி எது என்று எழுதிய அதே அரசு, வேளத்தாருக்கு அப்படி ஒரு பட்டியல் வெட்டி வைக்கவில்லை. தெய்வத்தின் ஊழியக்காரிக்கு ஊர் இருக்கலாம், அரசனின் படுக்கைக்குப் பக்கத்தில் நிற்பவளுக்கு ஊர் இருக்கக் கூடாது என்று நான் இதை வாசிக்கிறேன். பஞ்சவன்மாதேவி என்ற பட்டம் கொண்ட தன் சிற்றன்னைக்கு ராஜேந்திரன் எடுத்த பள்ளிப்படைக் கோயில் பட்டீச்சரத்தில் இன்னும் நிற்கிறது. பள்ளிப்படை என்பது கடைசிப் பள்ளி. அதே பட்டப்பெயரைச் சுமந்த வேளத்துக்கு அந்தத் தெருப்பெயர் மட்டும்தான் மிச்சம்.

ஆண்களின் கதை வேறு விதமாகவும் போகும். விஜயநகரத்து அச்சுத தேவராயருக்கு வெற்றிலை மடித்துக் கொடுத்த அடைப்பக்காரர்தான் தஞ்சை நாயக்கர் அரசைத் தொடங்கிய சேவப்ப நாயக்கர் என்று ஒரு மரபு சொல்கிறது. அருகாமை ஓர் ஆணைச் சிம்மாசனம் வரை தூக்கி வைக்கும். பெண்ணுக்கு அது அதிகபட்சம் கொடுத்தது என்ன என்பதற்குத் திருவாரூரில் ஒரு பதில் இருக்கிறது. ராஜேந்திரன் (1014–1044) காலத்துக் கல்வெட்டு. அணுக்கியார் பரவை நங்கையார் என்பவர் அந்தக் கோயிலுக்கு அள்ளிக் கொடுத்திருக்கிறார்; அரசனோடு சேர்ந்து தரிசனத்துக்கும் வந்திருக்கிறார். அரசனும் அணுக்கியாரும் நிற்கும் இடம் தெரிவதற்காக அங்கே ஒரு குத்துவிளக்கு வைக்கப்பட்டது. விளக்குப் பிடித்து நின்றவர்களின் வரிசையில் வந்த ஒருத்திக்கு, அவள் நிற்கும் இடத்தைக் காட்ட ஒரு விளக்கு! இந்தக் கதையைக் காதல் கதையாக எழுதித் தள்ளுகிறார்கள். அணுக்கியார் என்பதில் இருக்கும் அந்த ‘ஆர்’ விகுதிக்கு அவர் என்ன விலை கொடுத்தார் என்பதும் காதல் கதைக்குள் எழுதப்பட வேண்டியதுதான்.

எல்லோரும் பரவை நங்கையார் ஆகிவிடவில்லை. சோழநாட்டுக் கோயில்கள் சிலவற்றில் ‘வேளத்துப் பெண்டாட்டி’ இன்னார் வைத்த நந்தா விளக்கு என்று கல்வெட்டு கிடைக்கிறது. பெண்டாட்டி என்றால் அன்றைக்கு மனைவி இல்லை, ஊழியப் பெண். அந்தச் சொல் எந்த வழியாக நம் வீட்டுக்குள் வந்து சேர்ந்தது என்பதைத் தனியாக எழுத வேண்டும். அவளிடம் ஆடு வாங்கிக் கொடுக்கும் அளவுக்குக் காசு இருந்திருக்கிறது. அதை மறுத்து அவளை வெறும் பலியாளாக ஆக்கிவிட எனக்கு விருப்பமில்லை. ஒரு நந்தா விளக்குக்கு வழக்கமாக 90 அல்லது 96 ஆடு. மன்றாடி ஒருவன் அவற்றைப் பெற்றுக்கொண்டு நாளைக்கு உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு செத்தாலும் கிழடானாலும் குட்டி அந்த இடத்துக்கு வந்துவிடும் என்பதால் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்று எழுதுவார்கள். இந்த விவரமெல்லாம் கல்லில் இருக்கிறது. ஊர்ப்பெயர் வர வேண்டிய இடத்தில் மட்டும், திருமஞ்சனத்தார் வேளம் என்றோ திருப்பரிகலத்தார் வேளம் என்றோ, அரசனின் பட்டப்பெயரோடு வேளத்தின் பெயர் வெட்டியிருக்கிறது.